கூட யாராவது வருவாங்களா அக்கா?

போன மாதம் இந்தப் பக்கத்தில், அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த ஒரு பெண்ணோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய், ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். இரண்டே பத்தி. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. பாதிப் பேர் பெயர் போடவில்லை, சிலர் ஊரும் போடவில்லை. “பதிலை மட்டும் போடுங்க, கேள்வியைப் போடாதீங்க, எங்க வீட்டுக்கும் இந்தப் புத்தகம் வருது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (உங்களுக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது, கண்டுபிடித்துக்கொள்வீர்கள்). ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டேன்.

நான் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். நீங்கள் வக்கீல் இல்லை, போலீஸ் இல்லை, டாக்டரும் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் வேலைதான் என்ன?
– மாணவி, திருநெல்வேலி

பெயரில் எங்களுக்கே குழப்பம்தான். சம்பளப் பட்டியலில் ஒரு இடத்தில் கேஸ் ஒர்க்கர், இன்னொரு இடத்தில் ஆலோசகர். சட்டத்தில், வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு ‘சேவை வழங்குபவர்’ என்று பெயர், ஏதோ கேபிள் டிவி இணைப்பு தருகிறவர் மாதிரி. பெண்கள் ‘சென்டர் அக்கா’ என்பார்கள், அதுவே போதும்.

வேலை என்ன என்று கேட்டால், ஒரு பெண் அடிபட்டு வெளியே வந்த நாளில் அவள் எங்கெங்கே போக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். காயத்துக்கு ஜி.எச். போக வேண்டும். புகாருக்கு மகளிர் ஸ்டேஷன். பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க மாவட்டச் சமூக நல அலுவலகம், அது பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஏதோ ஒரு மாடியில். இலவச வக்கீலுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, அது கோர்ட் வளாகத்தில். ராத்திரி தங்க ஒரு இடம். மறுநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, புத்தகப்பை அந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மேஜையிலும் “என்னம்மா நடந்துச்சு?” என்று முதலிலிருந்து கேட்பார்கள். நாலாவது மேஜைக்கு வரும்போது அவளுக்கே அலுத்துவிடும், பாதியை விழுங்கிவிடுவாள், விழுங்கிய அந்தப் பாதிதான் கோர்ட்டில் தேவைப்படும். நாங்கள் கூடவே போகிறவர்கள். அவள் சொன்னதை ஒரே ஒரு முறை முழுதாகக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த மேஜைகளில் அவள் திணறும்போது எடுத்துக் கொடுப்போம்.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் நிறைய. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்று ஒரு பதிவேடு உண்டு, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அதில் டாக்டர் எழுதுகிற ஒரு வரி மூன்று வருடம் கழித்து உயிர் பெறும். பக்கத்தில் புருஷன் நின்றால் பெண்கள் “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்றுதான் சொல்வார்கள், அதையேதான் எழுதிவிடுவார்கள். அதனால் சீட்டு எடுக்க, மருந்து வாங்க என்று அவரை இரண்டு நிமிடம் வெளியே அனுப்புவது எப்படி என்பது எங்கள் தொழில் நுணுக்கம். இதை எந்தப் பாடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள், நீங்கள் களப்பணிக்கு வரும்போது கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் சட்டம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்து, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. வரைவைத் தயாரித்ததில் இந்திரா ஜெய்சிங்கின் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சட்டத்தில்தான் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியே உருவானது. நடந்ததை ஒரு படிவத்தில் எழுதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. அந்தப் படிவத்தை நாங்கள் டி.ஐ.ஆர். (டொமஸ்டிக் இன்சிடென்ட் ரிப்போர்ட்) என்போம். பதிவு பெற்ற அமைப்பாக இருந்தால் நாங்களும் எழுதி அனுப்பலாம். டி.ஐ.ஆர். இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளக்கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் நன்றாக எழுதிய டி.ஐ.ஆர். ஒன்று இருந்தால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம். “கணவர் துன்புறுத்தினார்” என்று ஒற்றை வரி எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது. என்றைக்கு, எந்த அறையில், எதனால் அடித்தார், அப்போது பிள்ளை எங்கே நின்றது என்று எழுத வேண்டும்.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. அறுபது நாளில் முடிந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் இடைக்கால உத்தரவு என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவர்களுக்கு வாய்தாதான்.

என் தங்கையை அவள் வீட்டுக்காரர் அடிக்கிறார். மூன்று முறை போய்க் கூட்டிவந்தோம். மூன்று முறையும் இரண்டு வாரத்தில் திரும்பிப் போய்விட்டாள். “இனிமே எங்களுக்குப் போன் பண்ணாதே” என்று அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கும் வெறுத்துவிட்டது.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

உங்கள் வெறுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்கள் மாப்பிள்ளை இத்தனை நாளாகக் காத்திருந்திருப்பார். “போ, உங்க வீட்ல உன்னை யார் சேர்த்துப்பாங்க பார்க்கலாம்” என்று அவர் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். இப்போது அது உண்மையாகிவிட்டது.

கொஞ்சம் கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். அந்த மூன்று முறையும் அவள் உங்கள் வீட்டில் இருந்த இரண்டு வாரம் எப்படிப் போனது? முதல் மூன்று நாள் எல்லோரும் அழுதிருப்பீர்கள். நாலாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா “என்ன, பொண்ணு வந்திருக்காப்ல, விசேஷமா?” என்று கேட்டிருப்பார். ஒரு வாரத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போகாதது உறுத்தியிருக்கும். பத்தாம் நாள் யாராவது, அம்மாவாகக்கூட இருக்கலாம், “அடுத்து என்னம்மா பண்றதா உத்தேசம்?” என்று கேட்டிருப்பார்கள். அதே நேரம் அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்திருக்கும், அழுதுகொண்டு, சத்தியம் பண்ணிக்கொண்டு. கையில் காசில்லாமல் அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு எது சுலபம், சொல்லுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் ஏழாவது முறையாக வந்தபோது எரிச்சலில் “போன தடவையே சொன்னேனே” என்று சொல்லிவிட்டேன். எட்டாவது முறை அவள் வரவில்லை. அவளுக்கு ஏதும் ஆகவில்லை, வேறு ஊரில் நன்றாக இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் தெரியவந்தது இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

அதனால் இப்போதைக்கு “வெளியே வா” என்று வற்புறுத்தாதீர்கள். உள்ளே இருக்கும்போதே அவள் கொஞ்சம் பத்திரமாக இருக்க என்ன செய்யலாம் என்று பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, நகை பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு, அவள் போனிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்த ஒரு பெண் “அம்மாவுக்குச் சுகர் மாத்திரை தீர்ந்துடுச்சா?” என்று கேட்பாள். கேட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் அவள் அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், போன் பண்ணி “என்ன ஆச்சு?” என்றெல்லாம் விசாரிக்கக் கூடாது. சண்டை ஆரம்பித்தால் அடுப்படிப் பக்கம் போகாதே, வெளிக்கதவு இருக்கிற பக்கமாக நில் என்று சொல்லுங்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். அடுப்படியில் கத்தி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது.

ஒன்றை மட்டும் அவளிடம் நேரடியாகக் கேளுங்கள்: கழுத்தை நெரித்திருக்கிறாரா? ஆமாம் என்றால் மற்ற எல்லாக் காயத்தையும் விட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு தழும்பும் இருக்காது, ஆனால் உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்பதற்கு இந்த வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்க்கும் அடையாளம் அதுதான். அந்த நிலையில் ஒரு பெண் “நான் போறேன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்புகிற நேரமும் கிளம்பின முதல் சில வாரமும்தான் மிக மோசமான நேரம். பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைத்தால் 24 மணி நேரமும் ஆள் உண்டு. அரசின் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம், அதற்கு மேல் தேவைப்பட்டால் அவர்களே பெண்கள் தங்கும் இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் 112. பேசி முடித்ததும் கால் லிஸ்டில் அந்த எண்ணை அழித்துவிடச் சொல்ல மறக்காதீர்கள்.

அண்ணனிடம் நான் பேசட்டுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். அண்ணன்களோடு பேசிப் பழக்கம் உண்டு.

என் கணவர் கையை நீட்டியதே இல்லை. ஆனால் என் சம்பளம் போடும் ஏடிஎம் கார்டு அவரிடம்தான். பஸ் காசுக்கும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதைப் போய் வன்முறை என்று சொன்னால் சிரிப்பார்களா?
– ஆசிரியை, விழுப்புரம்

சிரிக்க மாட்டோம். சட்டத்தின் 3ஆவது பிரிவில் உடல்ரீதியானது, பாலியல்ரீதியானது, வார்த்தையாலும் மனதளவிலும் செய்வது என்பவற்றோடு பொருளாதாரக் கொடுமையும் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பணத்தை உங்களுக்குத் தராமல் வைத்திருப்பது, நகையை விற்பது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் விடுவது எல்லாம் அதில் வரும். கேஸ் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த மாதச் சம்பளம் வருவதற்குள் வேறு ஒரு வங்கியில் உங்கள் பெயருக்கு மட்டும் ஒரு கணக்கு ஆரம்பிக்க முடியுமா, அதற்கு எந்தப் போன் எண்ணைக் கொடுப்பது, பாஸ்புக்கை எங்கே வைப்பது என்று யோசியுங்கள். பள்ளியில் நம்பிக்கையான ஒரு தோழியாவது இருப்பார்.

மாமியார் பெயரில் வீடு. கணவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். “என் வீட்டை விட்டு வெளியே போ” என்று மாமியார் தினமும் சொல்கிறார். போன வாரம் பூட்டை மாற்றப் பார்த்தார்கள். எனக்கு இந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லையா?
– ஈரோடு வாசகி

வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அப்படி நினைத்துக்கொண்டு பிறகு ஏமாந்துபோகிறார்கள். ஆனால் குடியிருக்கும் உரிமை என்பது வேறு. கல்யாணம் ஆகி வந்து குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து, சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதுதான். முன்பு மாமனார், மாமியார் பெயரில் வீடு இருந்தால் மருமகள் கேட்க முடியாது என்று ஒரு தீர்ப்பு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. வீடு யார் பெயரில் என்பதோடு முடிந்துவிடாது, அங்கே நிலையாக வாழ்ந்தீர்களா என்றும் பார்ப்பார்கள். சில பெரியவர்கள் மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுப் போட்டு மருமகளை வெளியேற்றப் பார்ப்பார்கள். அதை வைத்துப் பெண்ணின் குடியிருப்பு உரிமையை ஒரேயடியாக அழித்துவிட முடியாது என்றும் அதே வருடம் டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது.

மாமியார் வயதானவர், அவருக்கும் நிம்மதி வேண்டும் என்பதையும் கோர்ட் பார்க்கும். அதனால் சில நேரம் “அதே வீடு” என்பதற்குப் பதிலாக வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகை கொடு என்று உங்கள் கணவருக்கு உத்தரவு போடலாம். மாமியார் பெண் ஆயிற்றே, அவர் மேல் மனுப் போட முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். எதிராளி யார் என்று சட்டம் சொல்லும் இடத்தில் இருந்த ‘வயது வந்த ஆண்’ என்ற வார்த்தைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் பெண் என்பதால் அவரை அந்த வீட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் கேட்க முடியாது.

இப்போது உடனே செய்ய வேண்டியது: நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று காட்டும் காகிதங்களைச் சேருங்கள். காஸ் புத்தகம், ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளி முகவரி, உங்கள் பெயருக்கு வந்த கூரியர் கவர் கூட ஆகும். முடிந்தவரை நீங்களாக வெளியேறாதீர்கள். ஆனால் அடி விழுகிறது என்றால் காகிதமாவது ஒன்றாவது, முதலில் உயிர். வெளியே வந்துவிட்டாலும் மனுப் போடலாம், இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரிலேயே போடலாம், ஈரோட்டுக்கு அலைய வேண்டியதில்லை. நகை, சீர் சாமான் எல்லாவற்றையும் திரும்பக் கேட்கவும் அதே மனுவில் இடம் உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்காதீர்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 அதற்கான எண்.

மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். இருவரையும் உட்கார வைத்து “இனி அடிக்க மாட்டேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அடித்தார். ஸ்டேஷனுக்குப் போனதே தப்போ?
– பெயர், ஊர் வேண்டாம்

தப்பே இல்லை. நீங்கள் போனதற்கு ஒரு தேதி இருக்கிறது, அது எங்கேயும் போகாது. சி.எஸ்.ஆர். சீட்டு வாங்கினீர்களா? மனு ஏற்பு ரசீது, எண் போட்டுத் தருவார்கள். வாங்கவில்லை என்றால் அடுத்த முறை அதை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அவர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளையும் லேசாக நினைக்காதீர்கள். ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று எழுதியவர், இதுவரை அடித்தேன் என்றும் சேர்த்துத்தானே எழுதிக் கொடுத்திருக்கிறார்?

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் ஆரம்பித்தது. பெண்கள் பயமில்லாமல் போய்ப் பேச ஒரு இடம் வேண்டும் என்பதற்காக வந்தது. நல்ல அதிகாரிகள் பலரைப் பார்த்திருக்கிறேன், ராத்திரி பதினொரு மணிக்குத் தன் டிபன் பாக்ஸைப் பிரித்துக் குழந்தைக்கு ஊட்டிய ஏட்டம்மா ஒருவரை மறக்கவே மாட்டேன். ஆனால் குடும்பத்தைச் சேர்த்து வைப்பதுதான் புண்ணியம் என்ற நினைப்பு அந்த பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு ஊரில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) முன்பல் உடைந்து வந்த பெண்ணிடம் “பல்லு போனா கட்டிக்கலாம், புருஷன் போனா?” என்று கேட்டார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது ஆறுதல்.

அடிப்பவரையும் அடிபட்டவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினால் அங்கே பேசுவது ஒருவர் மட்டும்தான், மற்றவர் அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளைப் படித்தால், ஆலோசகர் எப்படி நடக்க வேண்டும் என்ற இடத்தில் அழகாக ஒன்று இருக்கிறது: அடித்ததற்கு எதிராளி நியாயம் சொல்ல அனுமதிக்கக் கூடாது. சோறு சரியில்லை, எதிர்த்துப் பேசினாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன், தேவைப்படும் இடத்தில் மெதுவாக எடுத்து மேஜையில் வைப்பேன்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் சேர்த்தும் போகலாம். ஒன்று குற்ற வழக்கு. மனைவியைக் கணவரோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆவது பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. இன்னொன்று குடும்ப வன்முறைச் சட்டம். அதில் ‘அவரை ஜெயிலில் போடுங்கள்’ என்று நீங்கள் கேட்கவில்லை, ‘என்னை அடிக்கக் கூடாது, கிட்டே வரக் கூடாது, செலவுக்குக் கொடுக்க வேண்டும்’ என்று உத்தரவு கேட்கிறீர்கள். அந்த உத்தரவை மீறினால் அப்போது அது குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த இரண்டாவது வழி இருப்பதை உங்களுக்குச் சொல்வது போலீஸின் கடமை என்று 5ஆவது பிரிவு சொல்கிறது. சொன்னார்களா? சரி, இப்போது நான் சொல்லிவிட்டேன். தனியாகப் போகாதீர்கள். யாரும் இல்லையென்றால் சகி மையத்தில் கேளுங்கள், கூட வரச் சொல்லி.

பெண்கள் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதே இல்லை? உங்களைப் போன்றவர்கள்தான் குடும்பங்களைப் பிரிக்கிறீர்கள்.
– வாசகர், சென்னை

பொய் வழக்கு ஒன்றுகூட இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்தச் சட்டத்தில் இல்லை? 498ஏ புகாரைப் பார்த்ததும் கைது செய்யும் பழக்கத்துக்கு 2014லேயே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டுவிட்டது. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வு என்று அரசாங்கமே வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்கள் நூறு பேரில் சுமார் 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், இந்திய அளவில் சுமார் 29. நாடு முழுவதும் பார்த்தால், யாரிடமிருந்தாவது உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி கேட்டவர்கள் நூற்றுக்குப் பதினாலு பேர்தான். எழுபத்தேழு பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. நீங்கள் அந்தப் பதினாலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், எனக்கு எழுபத்தேழைப் பற்றிக் கவலை. குடும்பத்தைப் பிரிப்பதைப் பற்றி: எங்களிடம் வரும் பெண்களில் நிறையப் பேர் முதல் நாள் கேட்பது “அவரைக் கொஞ்சம் கூப்பிட்டு மிரட்டி விடுங்க, போதும்” என்றுதான்.

மேல் வீட்டில் ராத்திரி ராத்திரி சத்தம் கேட்கிறது. அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. தலையிடலாமா? வாடகை வீட்டில் இருக்கிறோம், வம்பு வேண்டாம் என்கிறார் என் கணவர்.
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

வம்பில்லாமலும் ஒன்று செய்யலாம். சத்தம் கேட்கும்போது போய் பெல்லை அடியுங்கள். கொஞ்சம் தயிர் உறை வேண்டும், மோட்டார் போடலாமா, சார்ஜர் இருக்கா என்று எதையாவது கேளுங்கள். 2008இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு இந்தி டிவி விளம்பரங்களில் இதையே ஒரு இயக்கமாகச் செய்தது, மணியை அடியுங்கள் என்று. அந்த ஒரு நிமிட இடைவெளியில் ஓங்கிய கை இறங்கிவிடும், எல்லா நாளும் இல்லை, பல நாள். நீங்கள் மட்டும் தனியாகப் போகாதீர்கள், உள்ளே ஆயுதம் இருக்கும் போலத் தெரிந்தால் மணியெல்லாம் வேண்டாம், 112தான்.

மறுநாள் மாடியில் துணி காயப்போடும்போது அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். “ஏன் அடிக்கிறார்?” என்று கேட்காதீர்கள், அவளைக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி இருக்கும். “எங்க கதவு எந்நேரமும் தட்டலாம்” என்றால் போதும். பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தில் கொடுத்தவர் மேல் வழக்கு வராது என்று சட்டத்திலேயே இருக்கிறது, உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்றால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்காதீர்கள். அலுவலர் வந்து போன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவள்தான்.

நான் ஆறு மாதமாக ஒரு மையத்தில் கேஸ் ஒர்க்கர். போன வாரம் ஒரு பெண் எல்லாம் தயாராகி, மனுவும் எழுதி, கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளில் கணவரோடு போய்விட்டாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படித் தூக்கம் வருகிறது?
– மதுரை

எல்லா நாளும் வருவதில்லை தாயி.

தீக்காய வார்டில் சில காலம் போய் வந்திருக்கிறேன். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு பல வருடமாகப் பெண்களோடு வேலை செய்கிறது. 2001இல் சென்னையில் ஆரம்பித்தவர்கள், அவர்களிடம் நிறையக் கற்றுக்கொள்ளலாம். நான் போனது வேறு ஊர். அங்கே கொசுவலைக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெண், ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் வீட்டில் காஸ் அடுப்பு. மாமியார் தலைமாட்டிலேயே உட்கார்ந்து இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்ட்ரேட் வந்து, உறவுக்காரர்களை எல்லாம் வெளியே அனுப்பி, டாக்டர் இவள் சுயநினைவோடு இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்த பிறகு வாக்குமூலம் எடுத்தார். அப்போதும் ஸ்டவ்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கூட இருந்த மூத்த அக்கா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் அந்த வீட்டில். தான் இல்லாமல் போனால் பிள்ளைகளை வளர்க்கப்போவது யார் என்று அவள் நினைத்துப் பார்த்துத்தானே சொல்லியிருப்பாள் என்று வெளியே வந்த பிறகுதான் அக்கா சொன்னார். அவள் முடிவு சரி என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. ஆனால் அது அவள் முடிவு.

உங்கள் பெண் விஷயம் அவ்வளவு மோசம் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், உங்கள் முகம் அவளுக்குத் தெரியும், மையம் எந்தத் தெருவில் என்று தெரியும், அவள் மனு உங்கள் பீரோவில் இருக்கிறது. நாள் கடந்துவிட்டால் மனுப் போட முடியாதோ என்று பயப்படாதீர்கள், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும் என்ற கெடு இந்த மனுவுக்குக் கிடையாது, 2022இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. அவளுக்கு நீங்களாகப் போன் பண்ணாதீர்கள், போன் யார் கையில் இருக்கிறதோ தெரியாது. உங்கள் மூத்தவர்களிடம் வாரம் ஒருமுறை கேஸ்களைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள், கொடுக்கவில்லை என்றால் சண்டை போடுங்கள், அது உங்கள் உரிமை.

எங்கள் மையத்தில் இப்படித் திரும்பிப் போனவர்களின் பைல்களில் ‘முடிந்தது’ என்று எழுத மாட்டோம். மேல் அட்டையில் கடைசியாக வந்த தேதியை மட்டும் பென்சிலால் எழுதி வைப்போம், அடுத்த முறை வரும்போது அழித்து மாற்ற வசதியாக.